அனாமத்துக் கணக்கில் ஓர் எலும்பு

பி.காம். படிக்கிறவனுக்கு எலும்பு பற்றி எழுத என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சில மாதம் முன்பு வரை சேக்ரம் என்று ஓர் எலும்பு இருப்பதே எனக்குத் தெரியாது. வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு ஜவுளிக்கடைப் பையில் அவன் பெரியப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் திணித்துக் கொண்டுவந்து, "ஏல மக்கா, இதுல என்ன போட்ருக்குன்னு பாத்துச் சொல்லு, எங்க வீட்ல ஒருத்தருக்கும் வெளங்கல" என்று கொடுத்தான். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று அவன் வீட்டில் ஒரு தப்பான நம்பிக்கை.

அவன் ஊர் உடன்குடிப் பக்கம், தேரிக்காடு. எங்கள் புன்னக்காயலில் ஒரு குடும்பத்தை விசாரித்தால் கடலைச் சொல்வார்கள், அங்கே விசாரித்தால் பனையைச் சொல்வார்கள். பெரியப்பா பனையேறி. பதினாறு பதினேழு வயதிலிருந்து ஏறுகிறவர். பதனீர் சீசனில் ஒரே மரத்தில் காலையிலும் சாயந்திரமும் ஏறி இறங்க வேண்டும், அப்படி எத்தனையோ மரம். போன வருஷம் சித்திரையில் ஒருநாள் காலையில் பாளை சீவிவிட்டு இறங்கும்போது கைபிடித்த மட்டை கழன்றது. காலில் தளைநாரோடு, இடுப்பில் அருவாப்பெட்டியோடு உட்கார்ந்த வாக்கில் தரையில் வந்து விழுந்தார். தேரி மணல் என்பதால் உயிர் தப்பினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் கொண்டுபோன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் நோய் என்ற இடத்தில் ஒரு ஹேஷ் குறி, பக்கத்தில் "சேக்ரம்" என்று ஒரே ஒரு வார்த்தை. மருத்துவர்கள் முறிவு என்பதற்கு அந்தக் குறியைத்தான் போடுவார்களாம். கீழே "படுக்கை ஓய்வு, 6 வாரம்". அவ்வளவுதான்.

இந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அனாமத்துக் கணக்கு. காமர்ஸ் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இருப்புச் சோதனையில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் தூக்கிப் போட்டு வைப்போம். அதில் தப்பில்லை. ஆனால் பிறகு தப்பைத் தேடிப் பிடித்து அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். தீர்க்காமல் வருஷக் கடைசியில் அப்படியே விட்டுவிட்டுப் போகிறவனுக்கு எங்கள் சார் மார்க் போடமாட்டார். "சேக்ரம் முறிவு" என்பது எனக்கு அப்படி ஒரு தீர்க்கப்படாத தலைப்பாகப் பட்டது. அந்த எலும்பு எப்படி முறிந்தது, எந்த வழியாக முறிந்தது என்பதைப் பொறுத்து ஒருவர் இரண்டு மாதத்தில் மறுபடி மரம் ஏறலாம், அல்லது வாழ்நாள் முழுக்க மூத்திரத்துக்கு டியூப் வைத்துக்கொண்டு இருக்கலாம். இரண்டு பேருக்கும் காகிதத்தில் ஒரே வார்த்தை.

இனி கொஞ்சம் உடற்கூறு. பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்லப் போகிறேன். பாளையங்கோட்டையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

நம் ஊரில் "இடுப்பு" என்ற சொல் ரொம்பத் தாராளமானது. வேட்டி கட்டும் இடமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு, தொடை எலும்பு பொருந்தும் கிண்ணமும் இடுப்பு, பின்பக்கம் கீழ் முதுகும் இடுப்பு. "அவருக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றால் நாலில் எது என்று யாருக்கும் தெரியாது. இதில் சேக்ரம் என்பது முதுகெலும்பு முடியும் இடத்தில், இரண்டு புட்டத்துக்கும் நடுவில் மேலே இருக்கும் முக்கோண எலும்பு. தமிழில் திருவெலும்பு என்று எழுதுகிறார்கள். லத்தீனிலும் அதன் பொருள் புனித எலும்புதான். பிறக்கும்போது ஐந்து தனித்தனி முள்ளெலும்புகளாக இருந்து, இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் முழுசாக ஒட்டி ஒரே எலும்பாகிறது. (அப்படியென்றால் என் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் சரியாக ஒட்டியிருக்காது.)

இந்த எலும்பின் வேலை என்ன? மேலிருந்து வரும் மொத்த எடையும், அதாவது தலை, மார்பு, கை, தூக்கியிருக்கும் பதனீர்க் குடம் எல்லாம், ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு வழியாக சேக்ரத்தின் தலையில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து இடமும் வலமுமாக இடுப்பு வளையத்துக்குப் போய், அதன்பின் கால்களுக்குப் போகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், முதுகெலும்பு பாய்மரம், இடுப்பு வளையம் தோணி. பாய்மரத்தின் அடி பொருந்தி நிற்கிற கட்டைதான் சேக்ரம். பாய்மரம் உடைந்தால் எல்லோருக்கும் தெரியும். கட்டை பிளந்தால் பாய்மரம் பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும், காற்று அடிக்கிற வரைக்கும்.

அந்தக் கட்டைக்கு உள்ளே நரம்பும் ஓடுகிறது. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்பு வேர்கள்தான் தொங்குகின்றன. சேக்ரத்தின் நடுவில் ஒரு குழாய், அதிலிருந்து இரு பக்கமும் நான்கு நான்கு துளைகள், அவற்றின் வழியாக அந்த வேர்கள் வெளியே வருகின்றன. மேலே உள்ளவை காலுக்கு. இரண்டு, மூன்று, நான்காவது வேர்கள் மூத்திரப் பை, மலவாய், ஆண் பெண் உறவு சம்பந்தப்பட்டவை. வெட்கப்பட்டு யாரும் வாய்விட்டுச் சொல்லாத எல்லாமே இந்த மூன்று வேர்களில் இருக்கிறது.

இப்போது வகைப்படுத்தலுக்கு வருவோம்.

அமெரிக்காவில் டெனிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1988-ல் 236 சேக்ரம் முறிவுகளை அலசி எழுதிய கட்டுரைதான் இதில் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அவர்கள் செய்தது எளிமையான வேலை. எலும்பை நெடுக்குவாக்கில் மூன்று பாகமாகப் பிரித்தார்கள். துளைகளுக்கு வெளியே இருக்கும் இறக்கைப் பகுதி முதல் மண்டலம். துளைகள் வழியாகப் போகும் முறிவு இரண்டாவது. நடுக்குழாயைத் தொடுவது மூன்றாவது. பிறகு ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு நரம்பு அடிபட்டது என்று எண்ணினார்கள். முதல் மண்டலத்தில் 118 பேர், நரம்புப் பாதிப்பு 5.9 சதவீதம். இரண்டாவதில் 81 பேர், 28.4 சதவீதம். மூன்றாவதில் 37 பேர்தான், ஆனால் 56.7 சதவீதம். அந்த மூன்றாவது கூட்டத்தில் நரம்பு அடிபட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மூத்திரம், மலம், உறவு இவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருந்தது.

இந்த எண்களைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. சேக்ரம் முறிவு என்று ஒரே தலைப்பில் எழுதினால் நூற்றுக்கு ஆறும், நூற்றுக்கு ஐம்பத்தாறும் ஒரே பேரேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன!

ஆனால் டெனிஸின் பிரிவில் ஒரு குறை உண்டு. அது நரம்பைப் பற்றிச் சொல்கிறதே தவிர, முதுகு நிற்குமா நிற்காதா என்பதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. மூன்றாவது மண்டலத்தில் நேர்க்கோடாக நடுவில் பிளந்த முறிவும் இருக்கிறது, குறுக்காக எலும்பையே இரண்டு துண்டாக்கிய முறிவும் இருக்கிறது. நேராக நடுவில் பிளந்தால் நரம்பு வேர்கள் பெரும்பாலும் இரு பக்கமும் ஒதுங்கித் தப்பித்துவிடும். குறுக்கே முறிந்து மடங்கினால்தான் நசுங்கும். இரண்டையும் ஒரே அறையில் போட்டது சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

கீழ் முதுகின் நிலைப்பு பற்றி முதலில் கவனமாக யோசித்தவர்களில் ஒருவர் இஸ்லர். 1990-ல் அவர் பார்த்தது ஒரு சின்ன மூட்டை. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பும் சேக்ரமும் பின்பக்கத்தில் இரண்டு சின்ன மூட்டுகளால் கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொண்டிருக்கின்றன. முகமூட்டு என்று சொல்லலாம். முறிவுக் கோடு அந்த மூட்டுக்கு வெளிப்பக்கமாகப் போனால், கொக்கி நடுப்பாகத்தோடு சேர்ந்தே இருக்கிறது. இடுப்பு வளையம் ஆடினாலும் முதுகு தன் இருக்கையில் இருக்கும். மூட்டின் வழியாகவே போனால் மூட்டு சிதைந்து பின்னால் வலிக்கும், நகரும். மூட்டுக்கு உள்பக்கமாகப் போனால் கொக்கி வெளித்துண்டோடு போய்விடுகிறது, முதுகெலும்பு அந்தப் பக்கம் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் வித்தியாசம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு எக்ஸ்ரேயில் அதைப் பார்த்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குறுக்கு முறிவு பற்றி எழுதியவர் பிரான்ஸைச் சேர்ந்த ரோய்-கமீய். 1985-ல் வந்த அந்தக் கட்டுரையில் இருப்பது 13 நோயாளிகள்தான். விழும்போது முதுகு முன்னால் வளைந்திருந்ததா, பின்னால் நிமிர்ந்திருந்ததா என்பதை வைத்து மேல்துண்டு எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் நழுவும் என்று மூன்று வகை சொன்னார். 1991-ல் வேறு இருவர் நான்காவதாக, நேராக இறங்கி நொறுங்குவதையும் சேர்த்தார்கள். அருமையான வேலை. எனக்குக் கோபம் வருவது அவர் வைத்த பெயரில். "தற்கொலைக்குக் குதித்தவரின் முறிவு". அவரிடம் வந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் இருந்திருக்கலாம். ஆனால் பாடப் புத்தகத்தில் ஏறிவிட்ட அந்தப் பெயர் இன்றைக்கும் எல்லா நாட்டிலும் ஓடுகிறது. எங்கள் பக்கம் உயரத்திலிருந்து விழுகிறவன் பனையேறி, கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவன், தென்னை ஏறுகிறவன். பொழைப்புக்கு ஏறி விழுந்தவனின் காகிதத்தில் அந்தப் பெயரை எழுதினால், அதைப் படிக்கும் போலீஸ்காரரோ இன்சூரன்ஸ்காரரோ என்ன நினைப்பார்? பனையேறி முறிவு என்று வைத்திருந்தால் குறைந்தபட்சம் எங்களுக்கு மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

இதையெல்லாம் சேர்த்துத் தைத்து வந்ததுதான் ஏ.ஓ. ஸ்பைன் வகைப்பாடு. 1958-ல் சுவிட்சர்லாந்தில் எலும்பு மருத்துவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் முதுகெலும்புக் கிளை இது. சேக்ரத்துக்கான அவர்களுடைய வகைப்பாடு 2020-ல் கட்டுரையாக வந்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், எழுத்து ஏற ஏற நிலைப்பு குறைகிறது. ஏ என்றால் சேக்ரத்தின் கீழ்ப்பகுதி, இடுப்பு வளையத்தோடு சேரும் இடத்துக்குக் கீழே. முதுகும் வளையமும் ஒன்றும் ஆகவில்லை, உட்கார வலிக்கும். (நரம்பு கெடாது என்று அர்த்தமில்லை. இடம் பெயர்ந்த குறுக்கு முறிவு ஏ-யிலும் உண்டு.) பி என்றால் ஒரு பக்கமாக நெடுக்கே பிளந்தது. இடுப்பு வளையத்தின் பின்பாகம் ஆடும், முதுகு தன் இருக்கையை விடவில்லை. சி என்றால் முதுகும் இடுப்பும் சேரும் சந்திப்பே கெட்டது. ஒரு பக்கப் பிளவாகவே இருந்தாலும், இஸ்லர் சொன்ன அந்த முகமூட்டு நடுப்பாகத்திலிருந்து அறுந்துபோனால் அது சி பக்கம் போய்விடும்.

பி-க்குள்ளே ஒரு நல்ல திருத்தம் இருக்கிறது. டெனிஸ் கணக்கில் மிக ஆபத்தான மூன்றாவது மண்டலத்தில் இருந்த அந்த நேரான நடுப்பிளவை இவர்கள் பி-1 என்று முதலில் வைத்தார்கள், நரம்புக்கு ஆபத்து குறைவு என்பதால். இறக்கைப் பகுதி பி-2. துளைகள் வழியாகப் போவது பி-3. ஒரே முறிவு ஒரு பட்டியலில் கடைசியிலும் இன்னொரு பட்டியலில் முதலிலும் வருகிறது! தலைப்பு மாறினால் லாபம் நஷ்டமாகும் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்களே, மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று, அதேதான்.

சி-யில் உச்சத்தில் இருப்பது சி-3. இரு பக்கமும் நெடுக்கே பிளந்து, நடுவில் குறுக்கேயும் முறிந்து, ஆங்கில யூ எழுத்து மாதிரி ஒரு வடிவம், துண்டுகள் நகர்ந்தும் விட்டன. இதில் நடப்பது என்னவென்றால், முதுகெலும்பு மொத்தமும் சேக்ரத்தின் ஒரு மேல்துண்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பு வளையத்திலிருந்து தனியாகக் கழன்றுவிடுகிறது. ஆள் படுத்திருக்கும்போது வெளியே எதுவும் தெரியாது. உட்கார வைத்தால் முதுகு முன்னால் மடங்கி இடுப்புக்குள் இறங்கும், அந்த மடிப்பில்தான் நரம்பு வேர்கள் மாட்டும்.

இந்த எழுத்துகளோடு நரம்பு நிலைக்குத் தனி எண்ணும் சேர்க்கிறார்கள். பாதிப்பில்லை என்றால் என் 0, வந்து போய்விட்டது என்றால் 1, வேர் அடிபட்டால் 2, குதிரைவால் நரம்புகள் நசுங்கினால் 3. நோயாளி மயக்கத்தில் இருந்து பரிசோதிக்கவே முடியவில்லை என்றால் அதற்கும் ஒரு குறி உண்டு, என் எக்ஸ். "இன்னும் தெரியவில்லை" என்பதையே ஒரு முறையான பதிவாக வைத்திருக்கிறார்கள். அனாமத்துக் கணக்கை நேர்மையாக எழுதுவது என்றால் இதுதான்.

பெரியப்பா கதைக்குத் திரும்பி வருகிறேன். வீட்டில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். முதல் நாளிலிருந்தே மூத்திரம் சரியாகப் போகவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் அடிவயிறு வீங்கிய பிறகுதான் பெரியம்மாவுக்குத் தெரிந்தது. ஒரு நர்ஸ் வந்து டியூப் போட்டார், "படுத்தே கெடந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார். உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். நாலு பேர் கையையும் காலையும் பிடித்து வெளியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து, புட்டத்துக்கு நடுவில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்று அவரே சொன்ன பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே சி.டி. எடுத்தார்கள். அந்த அறிக்கையைத்தான் நான் ஹவுஸ் சர்ஜன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். இரு பக்கமும் நெடுக்கு, முதல் இரண்டாம் துண்டுகளுக்கு இடையில் குறுக்கு, முன்னால் மடிந்திருக்கிறது. அவர் ஃபோனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சி-3, என் 3-டே. இத மொத நாளே எழுதியிருக்கணும்" என்றார்.

பிறகு ஆபரேஷன் நடந்தது. கீழ் முதுகு முள்ளெலும்புகளில் திருகாணி, இடுப்பு எலும்பில் திருகாணி, இரண்டையும் கம்பியால் இணைத்து, முதுகின் எடை சேக்ரத்தைத் தொடாமல் நேராக இடுப்புக்குப் போகிற மாதிரி ஒரு பாலம். இப்போது நடக்கிறார். டியூப் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை.

முதல் நாளே ஆபரேஷன் செய்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நரம்பை எப்போது விடுவித்தால் எவ்வளவு பலன் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆபரேஷன் இல்லாமல் ஓரளவு மீள்கிறவர்களும் உண்டு. ஆனால் மூன்று நாள் மூத்திரப் பை வீங்கிக் கிடந்தது தவிர்த்திருக்கக் கூடியது. உட்கார வைத்தது தவிர்த்திருக்கக் கூடியது. ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் காகிதத்தில் இருந்திருந்தால், அல்லது "வகை தெரியவில்லை, சி.டி. எடுக்க வேண்டும்" என்றாவது இருந்திருந்தால், நர்ஸ் வேறு மாதிரி யோசித்திருப்பார்.

டாக்டர்கள் பக்கம் பேசாமல் விட்டால் அது அநியாயம். இடுப்பு வளையம் உடைந்து வருகிறவருக்கு முதல் ஆபத்து ரத்தப்போக்கு. உயிரைப் பிடித்து நிறுத்துவதா, எழுத்து தேடுவதா? அந்த நேரத்தில் யாரும் வகைப்பாட்டைக் கேட்கவில்லை. சேக்ரம் சாய்ந்து இருக்கும் எலும்பு, முன்னால் குடலில் காற்று வேறு, சாதாரண நேர் எக்ஸ்ரேயில் முறிவு ஒளிந்துகொள்ளும். பக்கவாட்டில் எடுத்தால்தான் குறுக்கு முறிவு தெரியும். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்கும்போது ஒரே டாக்டர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு எண் சொல்வதும் உண்டாம். எண்ணில் தகராறு வரட்டும், எழுத்தில் ஒத்துப்போனால்கூடப் போதும் என்பேன் நான். முதுகு தன் இருக்கையில் இருக்கிறதா இல்லையா என்பதுதானே வீட்டுக்குப் போகிறவருக்கு வேண்டிய முதல் தகவல். சி.டி. இல்லாத ஊரில்கூட ஆசனவாயைச் சுற்றித் தொட்டுப் பார்க்க மிஷின் வேண்டாம். மூத்திரம் போனீர்களா என்று கேட்க மிஷின் வேண்டாம்.

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடுகிறோம். மரமும் ஏறாமல் மாடியிலிருந்தும் விழாமல் சேக்ரம் முறிகிறவர்கள். வயதான பெண்கள், எலும்பு கரைந்து போனவர்கள். நம் தெருவில் எந்த ஆச்சியாவது "இடுப்பு கடுக்கு" என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் நாம் வாயுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சிலருக்கு அது நகராத யூ முறிவாக இருக்கும், ஏ.ஓ. கணக்கில் சி-0. அதே சி குடும்பம்தான், ஆனால் பெரும்பாலும் மருந்து, ஊன்றுகோல், எலும்புக்குச் சத்து என்று போய்விடலாம். எலும்பு பலவீனத்துக்கு என்று தனியாக ஒரு குறியும் அந்த வகைப்பாட்டில் இருக்கிறது.

காமர்ஸ் மாணவன் என்பதால் காசுப் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1923-ம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எங்கள் பாடத்தில் உண்டு (இப்போது அதன் இடத்தில் 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது). அதன் முதல் அட்டவணையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். கைக் கட்டைவிரல் போனால் 30 சதவீதம். கால் பெருவிரல் அடிமூட்டோடு போனால் 14. விரல் நுனிக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. மூத்திரப் பைக்கு ஒரு வரி கிடையாது. சேக்ரத்துக்கும் கிடையாது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். அப்படி மதிப்பிடும் மருத்துவர் கையில் இருக்கப்போவது என்ன? ஹேஷ் குறி, சேக்ரம். அதிலிருந்து அவர் எந்தச் சதவீதத்தை எடுப்பார்?

அதுவும் முதலாளி என்று ஒருவர் இருந்தால்தான். குத்தகைக்குப் பனை எடுத்து ஏறுகிறவருக்கு முதலாளி யார், மரமா? 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" நல்ல திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி வாசலில் காசு தேட வேண்டாம். ஆனால் அது சாலை விபத்துக்கு. ஆத்தூர், முக்காணி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தால் உண்டு, பக்கத்து விளையில் பனையிலிருந்து விழுந்தால் இல்லை. எலும்புக்கு இரண்டும் ஒன்றுதான். பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, எல்லாம் சரி. எங்கே போனாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, பலருக்குத் தெரிந்திருக்கும். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, 1976-ல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்து அடிபட்டவர். 1981-ல் சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்குத் துணையாக நின்ற எஸ். சங்கரராமன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட், தசைச் சிதைவு நோய் உள்ளவர் (எங்கள் துறைக்காரர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்). கழுத்தில் அடிபட்டவர் சக்கர நாற்காலியில் வருவார். பார்க்கிற எவருக்கும் அவருக்கு என்ன ஆனது என்று புரியும், வழிவிடுவார்கள். சேக்ரத்தில் அடிபட்டவர் நடந்து வருவார். வேட்டிக்குள் இருக்கும் டியூப் யார் கண்ணுக்கும் தெரியாது. "நல்லாத்தானே நடக்கீரு" என்பார்கள். அவருக்குச் சாட்சி சொல்ல அந்தக் காகிதத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் சேக்ரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் இருக்கட்டும். கீழே தமிழில் ஒரு வரி: உட்கார வைக்கலாமா கூடாதா, மூத்திரம் நின்றால் உடனே வர வேண்டுமா. வகை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதட்டும், எந்தத் தேதிக்குள் சி.டி. என்று சேர்த்து. நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கேட்காமல் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நாம்தான். மளிகைக் கடைச் சீட்டில் எட்டணா வித்தியாசம் வந்தால் திரும்பிப் போய்ச் சண்டை போடுவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் தலையணை. பக்கத்துப் பனைகளில் இந்த வருஷம் வேறு ஆள் ஏறுகிறார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். நான் படித்ததையெல்லாம் ஒரு தாளில் எலும்பு படம் வரைந்து அவருக்குச் சொன்னேன், கோடு எங்கே எங்கே போனது என்று பேனாவால் காட்டினேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இம்புட்டும் எனக்குள்ள நடந்துருக்கு, ஒருத்தனும் சொல்லலியே தம்பி" என்றார். பிறகு அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த எழுத்து என்னது, அதையும் இதுல எழுதிக் குடு. அடுத்த மாசம் செக்கப்புக்குப் போவும்போது காட்டணும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.